கிரீன் குரோசரும் அயர்ன்மேன் கணக்கும்: 2007-ஐ விட்டு நகராதவனின் நிலவரக் குறிப்புகள்

மணல்பச்சை (இழையைத் தொடங்கியவர்), கோவை

இந்த இழையில் இரண்டு வேலைகளின் நிலவரத்தை அவ்வப்போது எழுதப் போகிறேன். ஒன்று, ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டில் நான் நடத்திவரும் அயர்ன்மேன் கணக்கு. மற்றொன்று, லெகோ நிறுவனம் 2008-இல் வெளியிட்டுப் பின்னர் நிறுத்திவிட்ட கிரீன் குரோசர் கட்டடம். செட் எண் 10185, மொத்தம் 2,352 துண்டுகள்.

விளையாடாதவர்களுக்காக: சாதாரணக் கணக்கில் வேண்டிய பொருளை கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் சந்தையில் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அயர்ன்மேன் கணக்கில் அந்தக் கதவு மூடியிருக்கும். பிறரிடம் வாங்க முடியாது, விற்க முடியாது, இரவல் கிடையாது. மருந்து காய்ச்ச வேண்டுமானால் மூலிகையை நானே பயிரிட்டு நானே பறிக்க வேண்டும்.

அதே விதியைக் கட்டைகளுக்கும் போட்டுக்கொண்டேன். முழு செட்டாக வாங்கமாட்டேன். லெகோ துண்டுகளை விற்கும் பிரிக்லிங்க் தளத்தில் துண்டு துண்டாகத் தேர்ந்தெடுத்தும் வாங்கமாட்டேன். அக்கா ஜெர்மனியில் இருக்கிறாள். அங்கே ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தைகளில் லெகோவைக் கிலோ கணக்கில் கொட்டி விற்பார்கள். அவள் ஊருக்கு வரும்போது பெட்டியில் இடமிருந்தால் கொண்டுவருவாள். அதில் என்ன விழுகிறதோ அதுதான் என் வரவு. துண்டுக்குத் துண்டு பண்டமாற்று செய்யலாம் என்பது மட்டும் நான் எனக்குக் கொடுத்துக்கொண்ட சலுகை.

ஏன் இந்த இரண்டும் என்று கேட்பீர்கள். நான் விளையாடும் ரூன்ஸ்கேப், 2007 ஆகஸ்டில் எடுத்துவைத்த ஒரு பழைய நகலிலிருந்து உயிர்பெற்றது. 2013-இல் வாக்கெடுப்பு வைத்துத் திறந்தார்கள், மொத்தம் ஏறக்குறைய நான்கரை லட்சம் வாக்குகள் விழுந்தன. லெகோவின் அடுக்குக் கட்டட வரிசையும் அதே 2007-இல்தான் கஃபே கார்னருடன் தொடங்கியது. அந்த ஆண்டில் எனக்கு இரண்டையும் வேடிக்கை பார்க்கத்தான் முடிந்தது. இணைய மையத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் காசு இருக்காது. இப்போது சம்பளம் வருகிறது, ஆகவே பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டிருக்கிறேன்.

நிலவரம்: விளையாட்டில் ஃபயர்மேக்கிங் (தீ மூட்டும் திறன்) வின்டர்டாட் என்ற இடத்தில் நன்றாக ஏறிவிட்டது. ஹெர்ப்லோர் (மருந்து காய்ச்சும் திறன்) நொண்டுகிறது. கட்டடத்தில் தரைத்தளத்தின் ஓடுகள் மட்டும் ஆகியிருக்கின்றன. மணல்பச்சை நிறச் சுவர்க் கட்டைகள் கைவிரல்களில் எண்ணிவிடும் அளவே.

பெட்டி_பிரிக்காதவன், சென்னை

வாழ்த்துகள் சார். ஆனால் எனக்கு உங்கள் கணக்கு பிடிபடவில்லை. வேலைக்குப் போகிறவர், மணி நேரத்துக்கு ஒரு விலை இருக்குமல்லவா? பிரிக்லிங்கில் மணல்பச்சைக் கட்டை விலை அதிகம்தான், ஆனாலும் நீங்கள் செலவழிக்கும் நேரத்தைவிட மலிவு. நான் பிரிக்காமல் அலமாரியில் வைப்பவன், அதை மறைக்கவில்லை. ரஷ்யாவின் உயர் பொருளாதாரப் பள்ளியைச் சேர்ந்த இருவர் 1987 முதல் 2015 வரையிலான செட்டுகளை ஆராய்ந்து, சராசரியாக ஆண்டுக்குக் குறைந்தது 11 விழுக்காடு ஏறியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். வங்கி வைப்பில் அது கிடைக்குமா?

சிராங்கூன்வாசி, சிங்கப்பூர்

சராசரியைச் சொன்னீர்கள், அதே ஆய்வில் பாதி மதிப்பை இழந்த செட்டுகளும் உண்டு என்பதைச் சொல்லவில்லையே. தாஜ்மகால் நினைவிருக்கிறதா? 2008-இல் வந்தது, எண் 10189, 5,922 துண்டுகள். நிறுத்திய பிறகு விலை எங்கோ போனது. இங்கே ஒருவர் அதைப் பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு என்று சொல்லியே வைத்திருந்தார். 2017-இல் நிறுவனம் 10256 என்ற எண்ணில் அதையே திரும்ப வெளியிட்டது. 5,923 துண்டுகள், ஒன்றே ஒன்று கூடுதல். பழைய பெட்டியின் விலை சரிந்தது. எந்தச் செட்டை மறுபடி விடுவார்கள் என்பது பில்லுண்டில், அதாவது லெகோ தலைமையகத்தில், இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

பெட்டி_பிரிக்காதவன்

தாஜ்மகாலை எல்லாரும் இழுப்பீர்கள் என்று தெரியும். என்னிடமும் ஒன்று இருந்தது, 2016-இலேயே கைமாற்றிவிட்டேன்.

புதுக்கணக்கு, மதுரை

அண்ணா, ஒரு சந்தேகம். சீனாவிலிருந்து வரும் வேறு நிறுவனக் கட்டைகளில் மணல்பச்சை மலிவாகக் கிடைக்கிறதே, அதை வாங்கிச் சுவர் எழுப்பினால் ஆகாதா? அதுவே சட்டவிரோதம் என்று ஒருவர் சொன்னார். அப்படியா?

மணல்பச்சை

கட்டையின் வடிவத்துக்கு இப்போது யாரும் சொந்தம் கொண்டாட முடியாது தம்பி. 1958 ஜனவரியில் பதிவான காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. குமிழ் வைத்த வடிவத்தையே வணிகச் சின்னமாகக் காக்கலாம் என்று வழக்காடிப் பார்த்தார்கள். கனடா உச்ச நீதிமன்றம் 2005-இலும், ஐரோப்பிய நீதிமன்றம் 2010-இலும் முடியாது என்று சொல்லிவிட்டன. வேலைக்காக அமைந்த வடிவம் சின்னமாகாது என்பது வாதம். ஒரு முழுச் செட்டின் வடிவமைப்பையும் பெட்டிப் படத்தையும் அப்படியே நகலெடுத்து விற்பது வேறு விவகாரம்.

என் சுவருக்கு வேண்டாம் என்பது சட்டத்துக்காக அல்ல. அயர்ன்மேன் கணக்கில் பெயருக்கு முன் வரும் தலைக்கவசச் சின்னத்தை வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் பொருள் வாங்குவது போலிருக்கும்.

கணக்கு_வாத்தியார், திருச்சி

ஹெர்ப்லோர் இருக்கட்டும், விளையாட்டில் அந்தச் சாட்டை ஆயுதம் கிடைத்ததா? ஸ்லேயர் (அரக்கர் வேட்டைத் திறன்) 85 தாண்டிவிட்டதாக வேறோர் இழையில் எழுதியிருந்தீர்கள்.

மணல்பச்சை

கிடைக்கவில்லை சார். சாட்டையைத் தரும் அபிஸல் டீமன் அரக்கர்களை வெட்டிக்கொண்டே இருக்கிறேன். 512-இல் ஒன்று என்ற விகிதத்தை எப்போதோ தாண்டிவிட்டேன். விளையாட்டு என்னை மறந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

கணக்கு_வாத்தியார்

மறக்கவில்லை, அதற்கு நினைவே கிடையாது. அதுதான் சங்கதி. 512-இல் ஒன்று என்றால் 512-ஆவது கொலையில் தருவேன் என்று யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஒவ்வொரு கொலையிலும் கிடைக்காமல் போக 512-இல் 511 வாய்ப்பு. அதை 512 முறை பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 37 விழுக்காடு வரும். நூறு பேர் 512 கொலைகளை முடித்தால் 37 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். இருமடங்கு, அதாவது 1,024 முடித்த பின்னும் 13 அல்லது 14 பேர் நிற்பார்கள். நீங்கள் அந்தக் கூட்டத்தில் ஒருவர். துரதிர்ஷ்டமே, ஆனால் அதிசயம் இல்லை.

முழுத் தொகுதி சேர்ப்பது இன்னும் கொடுமை. விளையாட்டில் பாரோஸ் என்ற கல்லறை மேடுகளில் ஆறு சகோதரர்கள், ஆளுக்கு நான்கு பொருள், மொத்தம் 24. எல்லாம் சம வாய்ப்பு என்று வைத்தால் 24 வகையும் சேரச் சராசரியாக 91 பொருள்கள் விழ வேண்டும். கடைசி ஒன்றுக்கு மட்டும் சராசரியாக 24. பாதிக்கு மேல் சேர்த்துவிட்டோம் என்று மகிழும் இடத்தில்தான் வழுக்குப் பாறை தொடங்குகிறது.

என் வகுப்பில் இதை லெகோ மினிபிகர் (சின்ன மனித உருவம்) பெட்டியை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு வரிசையில் 12 உருவங்கள், எது உள்ளே என்று தெரியாத பெட்டி. தனித்தனியாக எடுத்தால் 12-ம் சேரச் சராசரியாக 37 பெட்டிகள். 36 கொண்ட பெரிய அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் வாங்கினால் மூன்று முழுத் தொகுதி கிடைத்துவிடும். முன்பு பிளாஸ்டிக் உறையாக இருந்தபோது விரலால் தடவிக் கண்டுபிடித்தோம். இப்போது அட்டைப்பெட்டியாக்கி அந்த வித்தைக்கும் முடிவு கட்டிவிட்டார்கள்.

மணல்பச்சை

நிலவரம், மார்ச்.

அக்கா கொண்டுவந்த மூட்டை பிரிந்தது. முதலில் சல்லடை. சந்தைக் கட்டையில் மணல், கிரேயான் துணுக்கு, நாய் முடி எல்லாம் இருக்கும். பிறகு வெதுவெதுப்பான நீரில் துளி சோப்பு. 40 டிகிரிக்கு மேல் சூடு கூடாது என்பது நிறுவனமே சொல்லும் அளவு. ஸ்டிக்கர் ஒட்டியதையும் மோட்டார் உள்ளதையும் முன்பே எடுத்துவிட வேண்டும். உலர்த்துவது மின்விசிறிக் காற்றில், பழைய வேட்டியின்மேல்.

அடுத்தது முறம். அம்மா அரிசி புடைக்கும் அதே மூங்கில் முறம். இரண்டு கை கட்டைகளைப் போட்டுச் சாய்த்துத் தட்டினால் மெல்லிய பிளேட்டுகளும் ஓடுகளும் அடியில் தங்கும், உயரமான கட்டைகள் உருண்டு முன்னால் வரும். ஒரு பக்கம் 9.6 மில்லிமீட்டர் உயரம், மறுபக்கம் 3.2. கையால் பொறுக்கினால் ஒரு மாலை போகும் வேலை சாப்பாட்டுக்குள் முடிகிறது.

வகைபிரிக்கும்போது நிறத்தின்படி பிரிக்காதீர்கள், வடிவத்தின்படி பிரியுங்கள். ஒரே நிறக் குவியலில் 3005 எண்ணுள்ள சின்ன ஒற்றைக்குமிழ்க் கட்டையைத் தேடுவது கண்ணைப் பிடுங்கும். ஒரே வடிவக் குவியலில் நிறம் தானாகக் கண்ணில் படும். மஞ்சள் குண்டு பல்பின் கீழே மட்டும் வேண்டாம். மணல்பச்சையும் பழைய சாம்பலும் அண்ணன் தம்பிகளாகிவிடும். 2004-இல் லெகோ தன் சாம்பல் நிறத்தையே மாற்றி நீலச்சாயல் ஏற்றியது. அதனால் சாம்பலே இரண்டு உண்டு. ஒரே சுவரில் கலந்தால் ஒட்டுப்போட்ட சட்டைதான்.

வரவு: 3010, அதாவது நான்கு குமிழ் நீளக் கட்டை, மணல்பச்சையில் கொஞ்சம். இரண்டு குமிழ் நீள 3004 அதைவிடவும் குறைவு. ஆறு குமிழ் நீள 3009 ஒன்றுகூட இல்லை.

விளையாட்டில் ஃபாசில் தீவில் பறவைக் கூடுகளை 50 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். மூலிகை விளைய 80 நிமிடம். இரண்டு அலாரமும் சமையலறையில் அடிக்கும்போது வீட்டில் உள்ளவர்கள் குக்கர் விசிலோடு சேர்த்துப் பழகிவிட்டார்கள்.

வேதியியல்_டீச்சர், தஞ்சாவூர்

வெள்ளைக் கட்டைகள் மஞ்சள் பாரித்திருந்தால் தூக்கி எறியாதீர்கள். கட்டைகள் செய்யும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் பியூட்டாடையீன் ரப்பர் ஒரு பகுதி. புற ஊதாக் கதிரும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து அந்தப் பகுதியைத் தாக்குவதால் நிறம் மாறுகிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடில் மூழ்கவைத்து வெயிலில் வையுங்கள். மிதக்கும் கட்டையின்மேல் கண்ணாடித் தட்டு வைத்து அமுக்க வேண்டும், இல்லையென்றால் நீர்மட்டத்தில் கோடு விழும். ஆண்டுகள் கழித்து மஞ்சள் திரும்பி வரலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

மணல்பச்சை நிறக் கட்டைகளை இதில் போடாதீர்கள். சாயம் ஏறிய பிளாஸ்டிக் எந்தப் பக்கம் வெளுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இன்னொன்று. செம்பழுப்புத் துண்டுகளை முறத்தில் தட்டாதீர்கள். சில ஆண்டுகளில் வந்த செம்பழுப்பும் அடர்சிவப்பும் நொறுங்கும் இனம். கிளிப்புகள் கைபட்டாலே உடையும். கிரீன் குரோசரில் செம்பழுப்பு எங்கெங்கே வருகிறது என்று பார்த்து, அவற்றைக் கடைசியில் ஒரே தடவையாகப் பொருத்துங்கள். மாட்டிக் கழற்றினால் போய்விடும்.

மணல்பச்சை

நன்றி டீச்சர். கண்ணாடித் தட்டு யோசனையை இன்றே செய்கிறேன்.

புதுக்கணக்கு

அண்ணா, ரூன்ஸ்கேப்பின் ஃபைட் கேவ்ஸ் குகையில் கடைசி அரக்கன் ஜாடிடம் போய்ச் செத்துச் செத்து வருகிறேன். 62 அலைகளையும் தாண்டி 63-இல் சாவது மனத்தை உடைக்கிறது. இந்தியாவிலிருந்து இணைய வேகம் போதாது என்கிறார்களே, அதனாலா?

மணல்பச்சை

வேகத்தைக் குறைசொல்லாதே தம்பி. அந்த விளையாட்டு 0.6 வினாடிக்கு ஒருமுறைதான் மூச்சு விடுகிறது. நாம் ஐரோப்பிய உலகங்களில் இணைந்தால் போய்வர 150 மில்லிவினாடி அளவு ஆகும். ஒரு மூச்சுக்குள் அது அடங்கிவிடும். துப்பாக்கி விளையாட்டில்தான் அது உயிர்ப் பிரச்சினை.

ஜாடின் கால்களை மட்டும் பார். முன்னங்கால்களைத் தூக்கி அந்தரத்தில் தொங்கவிட்டால் மந்திரம், தரையில் ஓங்கி ஊன்றினால் தொலைத்தாக்குதல். சத்தத்தை ஏற்றி வை, இரண்டுக்கும் ஒலி வேறு. பாதி உயிரில் நான்கு குணப்படுத்திகள் வருவார்கள். பதற்றப்பட்டு அவர்கள் பக்கம் பார்வையைத் திருப்பும் நொடியில்தான் எல்லாரும் சாகிறார்கள். ஆளுக்கொரு அடி கொடுத்து உன் பக்கம் இழுத்துக்கொள், அந்தந்தத் தாக்குதலைத் தடுக்கும் பிரார்த்தனையை மாற்றுவதை ஒருபோதும் நிறுத்தாதே.

நம் ஊருக்கு ஒரே கூடுதல் ஏற்பாடு: இன்வெர்ட்டரில் கணினியோடு மோடத்தையும் சேர்த்துவிடு. மாலை ஆறு மணிக்கு ஜாடிடம் போகாதே.

பெட்டி_பிரிக்காதவன்

சார், ஒரு குத்தல் கேள்வி, கோபித்துக்கொள்ளாதீர்கள். 2007-ஐ விட்டு நகரமாட்டேன் என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள். 2025 நவம்பரில் படகோட்டல் என்ற புதிய திறனையே சேர்த்துவிட்டார்கள். 23 திறன்கள் 24 ஆகிவிட்டன. நீங்கள் விளையாடுவது இன்னும் அதே விளையாட்டா? பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருக்கும் என்னிடம்தானே உண்மையான 2008 இருக்கிறது?

சிராங்கூன்வாசி

உங்களிடம் இருப்பது 2008-இன் அட்டைப்பெட்டி. உள்ளே இருப்பவை நொறுங்கிப் போயிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. டீச்சர் சொன்ன செம்பழுப்பு உங்கள் பெட்டிக்குள்ளும்தான் இருக்கிறது.

பெட்டி_பிரிக்காதவன்

இன்று தூக்கம் வராது. நல்லது.

மணல்பச்சை

கேள்வி நியாயமானது, யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ரூன்ஸ்கேப்பில் எதைச் சேர்ப்பது என்று விளையாடுகிறவர்களிடம் வாக்குக் கேட்கிறார்கள். படகோட்டலும் அப்படி வந்ததுதான். நானும் ஆதரித்தே வாக்களித்தேன். 2007 என்று நான் சொல்வது அந்தக் கட்டங்கட்டமான மரத்தையும், மரம் வெட்டினால் மரம் மட்டும் வெட்டும் நிதானத்தையும். கடல் சேர்ந்ததால் அது போய்விடவில்லை.

லெகோவுக்கே ஓர் இணைய விளையாட்டு இருந்தது, நினைவிருக்கிறதா? லெகோ யுனிவர்ஸ். 2010 அக்டோபரில் திறந்து 2012 ஜனவரி 30-இல் மூடினார்கள். அதில் கட்டியதெல்லாம் ஒரே நாளில் போயிற்று. மாறாமல் இருந்தால்தான் உண்மை என்றால், மூடிக்கிடப்பதைவிட மாறாதது எது? எனக்கு அது வேண்டாம். மாறினாலும் நான் உள்ளே போய் நடக்க முடிகிற இடம் வேண்டும்.

அதே காரணத்துக்காகச் சுவர் விஷயத்திலும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். அடுக்குக் கட்டடங்கள் ஒன்றோடொன்று தோளொட்டி நிற்கும்படி அமைந்தவை, பக்கவாட்டில் டெக்னிக் ஊசி (லெகோவின் சின்ன இணைப்பு ஆணி) போட்டு இணைப்போம். பக்கத்துக் கட்டடம் மறைக்கும் சுவரில் மணல்பச்சையைச் செலவழிக்கப் போவதில்லை. அங்கே கிடைத்த நிறத்தைப் போட்டு எழுப்புகிறேன். தெருவைப் பார்க்கும் முகப்பில் மட்டும் ஒரு கட்டையும் மாறாது.

சிராங்கூன்வாசி

அப்படியானால் அது கிரீன் குரோசர் இல்லை. கிரீன் குரோசர் மாதிரி ஒன்று. முழுவதும் மணல்பச்சை சேரும்வரை காத்திருங்கள், அல்லது முழுவதும் வேறு நிறத்தில் கட்டி வேறு பெயர் வையுங்கள். அரையும் குறையுமாக வேண்டாம்.

கணக்கு_வாத்தியார்

நான் மணல்பச்சையார் பக்கம். சீரங்கத்து ராயகோபுரம் சில நூற்றாண்டு மொட்டையாக நின்று 1987-இல்தான் முடிந்தது. அதுவரை அதை யாரும் கோபுரம் இல்லை என்று சொல்லவில்லை.

வேதியியல்_டீச்சர்

கோபுரத்தின் பின்பக்கத்தை வேறு நிறத்தில் கட்டவில்லையே வாத்தியாரே.

சிராங்கூன்வாசி

டீச்சருக்கு நன்றி. சரி, வாதம் ஒருபுறம் இருக்கட்டும். என்னிடம் பழைய மூட்டையில் மணல்பச்சை 3009 சில கிடக்கின்றன. உங்களிடம் 2004-க்கு முந்திய சாம்பல் பிளேட் மிஞ்சியிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், கையோடு கொண்டுவருகிறேன். தபாலில் அனுப்பினால் உங்கள் சுங்கத்தில் என்ன சொல்வார்களோ.

மணல்பச்சை

வேண்டவே வேண்டாம், தபால் வேண்டாம். 2020-இல் பொம்மைகளுக்கான இறக்குமதிச் சுங்க வரியை 20-லிருந்து 60 விழுக்காடாக்கினார்கள், 2023-இல் 70. 2021 முதல் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் கட்டாயம். நமது சில்லறைத் துண்டுகளுக்கு எந்தக் கணக்கு என்று அதிகாரியோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. கையில் கொண்டுவாருங்கள். பழைய சாம்பல் பிளேட் நிறைய இருக்கிறது.

நிலவரம், டிசம்பர்.

சாட்டை விழுந்தது. விகிதத்தின் இருமடங்கையும் தாண்டி, வாத்தியார் சொன்ன அந்தப் பதின்மூன்று பேரில் ஒருவனாக நின்ற பிறகு. விழுந்த நேரத்தில் நான் திரையைப் பார்க்கவில்லை, முகப்பு ஜன்னலுக்கு அடியில் ஒரு பிளேட்டைத் திருப்பிப் பொருத்திக்கொண்டிருந்தேன். ஐந்து பிளேட் அடுக்கினால் 16 மில்லிமீட்டர், அது சரியாக இரண்டு குமிழ் அகலம். பக்கவாட்டுக் கட்டுமான வித்தை முழுவதும் இந்த ஒற்றைக் கணக்கில் நிற்கிறது. நான்கு போட்டுவிட்டு ஐந்தாவதைத் தேடும்போது கணினியில் ஒலி கேட்டது.

ஹெர்ப்லோர் ஒருவழியாக 92. புதியவர்கள் அதைக் கேட்டு, இன்னும் ஏழு படிதானே என்பார்கள். உச்சப் படியான 99-க்கு 1,30,34,431 அனுபவப் புள்ளிகள் வேண்டும், 92-க்கு 65,17,253. ஆக இப்போதுதான் பாதி வழி. கட்டடமும் அப்படித்தான்: இரண்டாம் தளத்தின் முகப்பு எழும்பிவிட்டது, பார்ப்பவர்கள் முடிந்துவிட்டது என்கிறார்கள், மேல்தளத்துக்கு வேண்டிய மணல்பச்சை இன்னும் எங்கோ ஜெர்மனியில் யாருடைய பரணிலோ கிடக்கிறது.

புதுக்கணக்கு

அண்ணா! ஜாடை வென்று ஃபயர் கேப் மேலங்கியை வாங்கிவிட்டேன். ஜாடின் கால்களை மட்டும் பார்த்தேன். குணப்படுத்திகள் வந்தபோது பாதி உயிர் போயிற்று, ஆனாலும் முடித்துவிட்டேன். காலை ஐந்து மணிக்கு விளையாடினேன், மின்சாரம் போகவில்லை.

மணல்பச்சை

சபாஷ் தம்பி! மேலங்கியைக் கழற்றாமல் சுற்று. அடுத்து பாரோஸ். வாத்தியார் சொன்ன 91-ஐ மறந்துவிட்டுப் போ.

மற்றவர்களுக்கு: மணல்பச்சையில் 3004, 3008, 3009, 3010 இவற்றில் எது உபரியாக இருந்தாலும் சொல்லுங்கள். விரிசலும் பல்தடமும் இல்லாதவை போதும், லேசான கீறலுக்குக் கவலையில்லை. பதிலுக்கு என்னிடம் இருப்பவை: பழைய சாம்பல் பிளேட்டுகள் (சிராங்கூன்வாசிக்கு எடுத்துவைத்தது போக), டீச்சர் முறையில் வெளுத்த வெள்ளை 3001 (எட்டுக் குமிழ்க் கட்டை) ஒரு டப்பா, மினிபிகர் தலைமுடி வகைகள் ஏராளம். பெட்டி பிரிக்காதவரின் சென்னைப் பெட்டியில் கிரீன் குரோசர் உண்டா என்று இதுவரை கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன்.

பெட்டி_பிரிக்காதவன்

உண்டு. பிரிக்கமாட்டேன். ஆனால் என் தங்கை மகன் பிரித்த வேறொரு செட்டிலிருந்து மணல்பச்சை 3004 கொஞ்சம் சோபாவின் அடியில் கிடைத்தது. வெள்ளை 3001-க்கு மாற்றிக்கொள்கிறேன். கூரியர் செலவு ஆளுக்குப் பாதி.